நிகழ்ச்சி நிரலில் ஏழாவது

பொன்னாடையாம் பொன்னாடை. கழுத்துல பட்ட இடமெல்லாம் எறும்பு மேயற மாதிரி அரிக்குது. கழட்டி மடியில வெச்சுக்கலாம்னா மடியில தகரப் பெட்டி. பெட்டியைக் கீழ வெச்சா, இந்த விழாவை நடத்தற அருமைநாயகம் உடனே "நான் பாத்துக்கறேன் மேடம்"னு பாய்ஞ்சு வருவான். வேணாம்ப்பா, நீ பாத்துக்கிட்ட லட்சணம்தான் சுவர் முழுக்கத் தொங்குதே. மேடையில அஞ்சு நாற்காலி. நடு நாற்காலிக்கு மட்டும் வெள்ளைத் துண்டு, ஏன்னா அதுல சிறப்பு விருந்தினர். பூவராகன்னு ஒரு ரிட்டயர்டு பெரிய அதிகாரி. கூட்டம் முழுக்கக் கொட்டாவி விட்டு முடிச்சப்புறம் வந்து சேந்தார். குத்துவிளக்குல ஒரு திரியை ஏத்தினார், ட்ராஃபிக்னு ஒரு வார்த்தை சொன்னார், உக்காந்தார். மத்தவங்க எல்லாம் பறந்தா வந்தோம்? நான் புரசவாக்கத்துலேருந்து ஆட்டோவுல இந்தப் பெட்டியைக் குழந்தை மாதிரி இடுக்கிக்கிட்டு, இந்த முட்டியை வெச்சுக்கிட்டு, வெயில் தணியறதுக்கு முன்னாலயே வந்துட்டேன். இப்ப அவர் பேச ஆரம்பிச்சாச்சு. கையில எட்டுப் பக்கம் இருக்கும், ரெண்டு பக்கமும் எழுதியிருக்கு. பின்னால பேனர்: 'அலைகடல் தாண்டி வந்த ஆன்மாக்கள், சென்னை வாழ் யூதர் ஆவணக் கண்காட்சி.' ஆன்மாக்களாம். ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப எங்கப்பா எஸ்ரா, கப்பல் மேல்தட்டுல வாந்தி எடுத்துக்கிட்டே சென்னை வந்து இறங்கினார். இறங்கினதும் தொத்து நோய்க் கொட்டாயில போட்டு மருந்து அடிச்சாங்க. ஆன்மாவுக்கு யாராவது மருந்து அடிப்பானா? அந்தப் பேனருக்குக் கீழ என்னை உக்கார வெச்சு, அழைப்பிதழ்ல 'சென்னையின் கடைசி யூதப் பெண்மணி'ன்னு போட்டிருக்கான். கடைசியாம். மிருகக்காட்சி சாலையில கூண்டுக்கு முன்னால போர்டு மாட்டுவாங்களே, அந்த மாதிரி. எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அண்ணனுக்காக. மேற்கு ஜன்னல்ல வெயில் மஞ்சளாயிடுச்சு. சூரியன் விழுந்தா இன்னைக்கு நாள் முடிஞ்சது. இவங்களுக்கு ராத்திரி பன்னெண்டு வரைக்கும் நாள் இருக்கும். எங்களுக்கு இல்ல. எங்க நாள் சாயங்காலத்தோட சரி. பத்து தடவை சொன்னேன் அருமைநாயகத்துக்கிட்ட. தலையை ஆட்டினான். ஆட்டறதுக்குத்தானே தலை.

அண்ணன் ஹஸ்கேல் போய்ச் சேந்து இன்னையோட வருஷம் ஒண்ணு. துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஏஜென்சியில வேலை பாத்து ரிட்டயர் ஆன மனுஷன். கல்யாணம் கிடையாது. இந்த ஊர்ல யாரைக் கட்டுவார்? எங்க தெருவுல அவரைப் பாதிப் பேர் பாய்னு கூப்பிடுவாங்க, ரம்ஜானுக்குப் பிரியாணி வரும். மீதிப் பேர் எங்களை ஆங்கிலோ இந்தியன்னு நெனச்சு கிறிஸ்துமஸுக்குக் கேக் குடுப்பாங்க. அண்ணன் ரெண்டையும் வாங்கி வெச்சுக்குவார், திருத்தவே மாட்டார். எதுக்குத் திருத்தணும், நாலு வீடு தள்ளி இருக்கிறவன் நாம யாருன்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போறான்னு கேப்பார். ஆனா ஒண்ணுல மட்டும் பிடிவாதம். கடிஷ். செத்தவங்களுக்காகச் சொல்ற பிரார்த்தனை. மகன் சொல்லணும், இல்லேன்னா கூடப் பிறந்தவன் சொல்லணும், அதுவும் பத்து பேர் கூடினாத்தான் சொல்லலாம், பத்துக்கு ஒண்ணு குறைஞ்சாலும் வாயைத் திறக்கக் கூடாது. அப்பா வருஷ நாள் வந்தா அண்ணன் ஒரு மாசம் முன்னாலயே துறைமுகத்துல எந்தக் கப்பல்ல எந்த யூத மாலுமி வர்றான்னு விசாரிச்சிட்டுத் திரிவார். ஊர்ல இருந்தவங்க ஒவ்வொருத்தரா லண்டனுக்கும் இஸ்ரேலுக்கும் கிளம்பினதும், ரயில் ஏறி பம்பாய்க்குப் போய்ச் சொல்லிட்டு வருவார். போகவர ரெண்டு நாள் ரயில், கடிஷ் ரெண்டு நிமிஷம். கீழ்ப்பாக்கத்து ஆஸ்பத்திரியில மூக்குல குழாயோட படுத்திருந்தப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எனக்கு யாருடி சொல்லுவா?"ன்னு கேட்டார். நான் சொல்ல வெக்கிறேன் அண்ணான்னேன். அந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டு வேற என்ன சொல்வேன்? அடக்கத்துக்கு வந்தது எதிர்வீட்டு மணவாளன், மருந்துக்கடைக்காரர், குழி வெட்டறவங்க நாலு பேர். மண்ணைத் தள்ளினாங்க. வாயைத் திறக்க ஆள் இல்ல. மணவாளன் பாவம், ஏதாவது சொல்லணுமேன்னு "நல்ல மனுஷன்"னார். அதோட முடிஞ்சுது.

அப்பத்தான் இந்த அருமைநாயகம் வந்தான். டாக்டர் பட்டம், கரையோர மரபு ஆவண மையத்துக்கு இயக்குநர், ஜோல்னாப்பை. வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே கண்ணு பெட்டியைத் தேடுது. எங்கப்பா ரங்கூன்லேருந்து கொண்டு வந்த காகிதப் பெட்டி, பழைய பிஸ்கட் டின், அரை மூட்டை கனம். பத்து நாள் என் கட்டில் மேல விரிச்சு வெச்சு வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு போட்டோ பிடிச்சான். கையுறை! நாப்பது வருஷம் கரப்பான் ஓடின காகிதத்துக்குக் கையுறை. "மேடம், இதெல்லாம் பொக்கிஷம், எங்க மையத்துக்குக் குடுத்துடுங்க, ஏசியில வெச்சுக் காப்பாத்தறோம்"னான். எங்களை ஒருத்தரும் ஏசியில வெக்கலப்பா, காகிதத்துக்கு வந்த வாழ்வைப் பாருன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் சொன்னேன்: காகிதம் வேணும்னா ஒரு கண்டிஷன். அண்ணன் வருஷ நாள் அன்னைக்கு எங்க ஜனத்துல பத்துப் பேரைக் கொண்டு வந்து நிறுத்து, கடிஷ் சொல்ல வை. பத்துப் பேர் வந்தா பெட்டி உன்னுது. இல்லேன்னா நான் அதை அடுப்புல போட்டாலும் நீ கேக்கக் கூடாது. "அவ்வளவுதானே மேடம்"னு குதிச்சிட்டுப் போனான். குதிச்சவன் என்ன பண்ணியிருக்கான் பாருங்க. கண்காட்சித் திறப்பு விழாவை அதே நாள்ல வெச்சிட்டான், செலவு மிச்சம். நிகழ்ச்சி நிரல் அச்சடிச்சிருக்கான். அஞ்சு, சிறப்புரை. ஆறு, ஆவணங்கள் ஒப்படைப்பு. ஏழு, 'கலை நிகழ்ச்சி: யூதப் பிரார்த்தனை.' எட்டு, தேநீர். எங்கண்ணனோட கடிஷ் சிறப்புரைக்கும் சமோசாவுக்கும் நடுவுல கலை நிகழ்ச்சி. ஏழு முடியாம ஆறு கிடையாதுன்னு மட்டும் அடிச்சுச் சொல்லிட்டேன். அதுக்கும் தலையை ஆட்டினான்.

என்ன பேசறார் இந்த ஆளு? மிளகு. ரோமாபுரி. யவனர். இன்னும் ரெண்டாயிரம் வருஷம் கடந்து வரணும் எங்கப்பா கிட்ட. வர்றதுக்குள்ள விடிஞ்சிடும். "வந்தாரை வாழவைக்கும் தமிழ்நாடு"ன்னதும் கை தட்டறாங்க. தட்டுங்க. கப்பல்லேருந்து இறங்கினவங்களுக்கு வீடு குடுக்க மண்ணடியில ஒருத்தன் வரல, மாட்டுக்கறி சாப்பிடுவீங்களான்னு ஒருத்தன் கேட்டான், சாப்பிட மாட்டீங்களான்னு இன்னொருத்தன் கேட்டான். கடைசியில வேப்பேரியில ஒரு பழைய குதிரை லாயத்தைத் தடுத்து அறை போட்டுக் குடுத்தாங்க, அதுல ஆறு குடும்பம். நான் அந்த லாயத்துலதான் பிறந்தேன். அதைச் சொல்றதுக்கு இந்தப் பூவராகனுக்கு யாரும் எழுதிக் குடுக்கல. கல்யாண வீட்டுக்குப் போனா மாப்பிள்ளையா இருக்கணும், சாவு வீட்டுக்குப் போனா பொணமா இருக்கணும்னு நெனக்கிற ஜாதி. இன்னைக்கு இது சாவு வீடுன்னே அவருக்குத் தெரியாது. என் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடறார். "இந்த அம்மையார் ஒரு நடமாடும் ஆவணம்." நடமாட எங்கய்யா விட்டீங்க, எழுந்து பாத்ரூம் போகக்கூட முடியல. முட்டி ரெண்டும் கல்லாயிடுச்சு. ஏசித் தண்ணி வேற சொட்டுச் சொட்டா ஓரத்து நாற்காலியில விழுது. அதுல உக்காந்திருக்கிற பேராசிரியர் நகரவே மாட்டேங்கறார். நகர்ந்தா மேடையில இடம் போயிடுமாம்.

இந்தப் பெட்டியைச் சொல்லணும். எங்கம்மாவோட தையல் மெஷின் ரங்கூன்ல கிடந்துது, காலால மிதிக்கிறது, அம்மாவோட சொத்தே அதுதான். கப்பல்ல ஒரு குடும்பத்துக்கு ஒரு சாமான்னு சொன்னாங்க. அப்பா மெஷினை விட்டுட்டு இந்தக் காகிதத்தைத் தூக்கிட்டு வந்தார். எப்பேர்ப்பட்ட மகான்! ரங்கூன் ஜெப ஆலயத்துச் செயலாளராம், பொறுப்பாம். அம்மா வேப்பேரியில ஊசியும் கையுமா சட்டை தெச்சுத் தெச்சு எங்களைச் சோறு போட்டு வளத்தாங்க. அப்பா வாரத்துல ஒரு நாள் பெட்டியைத் திறந்து காகிதத்துக்கு வெயில் காட்டுவார். அதுல என்ன பொக்கிஷம் இருக்கு? எல்லாம் படிச்சிருக்கேன். கல்யாண ஒப்பந்தம் கொஞ்சம், இடுகாட்டுக் கணக்கு, கோழி அறுக்கிறவனுக்குக் கூலி குடுத்த ரசீது, மீதி பூரா சண்டை. கமிட்டிக் கூட்டத்துத் தீர்மானங்கள். ஜெப ஆலயத்துல காத்து வர்ற ஜன்னலோரம் யார் உக்காரறதுன்னு ரெண்டு குடும்பம் ஒம்பது வருஷம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்திருக்கு. குண்டு விழுந்தப்ப அதுல ஒரு குடும்பம் காசு இருந்ததால விமானத்துல போயிடுச்சு, கமிட்டித் தலைவர் உட்பட. கப்பல் மேல்தட்டுல வந்ததெல்லாம் எங்களை மாதிரிக் காசில்லாத கும்பல். இதையெல்லாம் அருமைநாயகம் என்ன பண்ணியிருக்கான்? சுவர்ல பெருசாப் போட்டு 'ஒற்றுமையாய் வாழ்ந்த சமூகம்'னு எழுதியிருக்கான். செத்ததும் எல்லாரும் மகாத்மா. என் கட்டில்ல கலந்து கிடந்த மீன் கணக்குச் சீட்டுக்குக்கூட ஒரு நம்பர் போட்டுக் கண்ணாடிக்குள்ள வெச்சிருக்கான், வஞ்சிரம் அரைக் கிலோ, ரெண்டு எலுமிச்சம்பழம், என் கையெழுத்து. வேடிக்கை பாக்க வந்த காலேஜ் பொண்ணு ஒருத்தி அதுக்கு முன்னால நின்னு உச்சுக்கொட்டறா. இருந்தும் ஏன் இந்தப் பெட்டியைக் கெட்டியாப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன்? தெரியல. எங்கம்மா மெஷினோட விலையாச்சே இது. சும்மா குடுப்பேனா?

ஜன்னல் வெயில் பேனர் மேல ஏறிடுச்சு. ஆளுங்க வந்தாச்சா பாக்கணும். எங்க வழக்கத்துல மனுஷங்களை எண்ணக் கூடாது, கண்ணு பட்டுடும், அதனால ஒண்ணு இல்ல, ரெண்டு இல்லன்னு சொல்லி எண்ணுவாங்க. கணக்கு டீச்சரா முப்பத்தாறு வருஷம் இருந்தவளுக்கு இது ஒரு கூத்து. இருக்கட்டும், இன்னைக்கு வழக்கப்படியே பாப்போம். முன் வரிசையில ஓசூர்லேருந்து வந்தவங்க, சொட்டுநீர்ப் பாசனக் கம்பெனியாம், இஸ்ரேல்காரங்க, நாலு பேரும் ஒரே மாதிரி நீலச் சட்டை. ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல, நாலு இல்ல. பக்கத்துல மாமல்லபுரத்துல அலையில பலகை விட்டுக்கிட்டு இருந்த ரெண்டு இஸ்ரேல் பசங்க, தலை எல்லாம் வெளுத்துப் போய், காலரில்லாத பனியன், ஒருத்தன் தூங்கறான். அஞ்சு இல்ல, ஆறு இல்ல. கோடியில தாடிக்காரர், கறுப்புக் கோட்டு, பெங்களூர்லேருந்து வந்தவர். இவர் ஒருத்தர்தான் பாக்கிறதுக்கு யூதர் மாதிரி இருக்கார்னு எல்லா மொபைலும் அவர் பக்கமே திரும்பி இருக்கு. ஏழு இல்ல. அப்புறம்? அதுக்கப்புறம் ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி நீலச்சட்டைக்காரன் பொண்டாட்டி, இன்னொருத்தி பனியன்காரங்களோட வந்தவ, யானை போட்ட தொளதொள பேன்ட். அதுக்கப்புறம் மருந்துக்கடைக்காரர், மணவாளன், மூணாவது வரிசையில வேப்பேரி சர்ச் மாமிங்க, எங்கூட வேலை பாத்தவங்க. திரும்பவும் முதல்லேருந்து பாத்தேன். ஏழுதான். அருமைநாயகத்தைத் தொட்டேன். "ஏம்ப்பா, மீதி ஆளுங்க எங்க? வெளியில நிக்கிறாங்களா?" அவன் முகத்துல பெருமை வழியுது. "எல்லாரும் வந்தாச்சு மேடம். கரெக்டா பத்து." "எங்கடா பத்து? ஏழு ஆம்பளைதானே இருக்கு?" வாய் தவறி டா வந்துடுச்சு. அவன் கண்டுக்கல. "ஏழு, அந்த ரெண்டு லேடீஸ், அப்புறம் நீங்க. உங்களையும் சேத்துப் பத்து மேடம்."

மூதேவி. மடச்சாம்பிராணி. பத்துன்னா ஆம்பளைன்னு அர்த்தம்டா, பதிமூணு வயசு தாண்டின ஆம்பளை, எங்காளுங்கள்ல பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியுமே! டாக்டர் பட்டம் வாங்கினியே, எங்களைப் பத்தி நானூறு பக்கம் எழுதினியே! அதை அப்படியே சொன்னேன், மெதுவா, மைக்குல விழாம. பொம்பளைங்க கணக்குல வர மாட்டோம்ப்பா, பத்துக்குள்ள நாங்க கிடையாது. அவன் முழிக்கிறான். "ஏன் மேடம்? நீங்க ஆள் இல்லையா?" நக்கல் இல்ல. நெஜமாவே புரியாமத்தான் கேக்கறான், பின் பெஞ்சுல ஒரு பையன் கழித்தல்ல கடன் வாங்கறது எதுக்கு டீச்சர்னு கேப்பானே, அப்படி. "நான் போய்க் கேட்டுட்டு வரேன்"னு குனிஞ்சு மேடையை விட்டு இறங்கித் தாடிக்காரர் காதுல போய் ஊதறான். தாடி ரெண்டு பக்கமும் ஆடுது. திரும்பி வந்து, "பத்து ஆண்கள் வேணுமாம் மேடம். இல்லேன்னா அது சொல்லக் கூடாதாம். வேணும்னா பொதுவா வேதத்துலேருந்து ஒரு சங்கீதம் வாசிக்கறாராம், நல்லா இருக்குமாம்." சங்கீதம் வாசிக்கறாராம். பசிச்சவன் சோறு கேட்டா வெத்தலை மடிச்சுக் குடுக்கறேன்னு சொல்ற மாதிரி. இதுக்கா நான் ஒரு வருஷம் காத்திருந்தேன்? இதுக்கா இந்த மேடையில பொன்னாடையோட அரிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்? பேனர்ல 'ஆன்மாக்கள்'ங்கிற எழுத்து மேல இருந்த வெயில் போயிடுச்சு. இன்னும் கொஞ்சம் மேல மட்டும் இருக்கு.

நீங்க ஆள் இல்லையா. கேட்டுட்டானே பாவி. அப்பா செத்தப்ப எனக்குப் பதினாறு. அண்ணனுக்குக் கடிஷ் வாயில நுழையாது, அது எபிரேயு கூட இல்ல, அரமேயம், நாக்கு சுளுக்கிக்கும். அப்பா உயிரோட இருக்கும்போதே அண்ணனுக்கு அதைச் சொல்லிக் குடுப்பார், அவர் தடுக்குவார், அப்பா ஸ்கேலால கை முட்டியில போடுவார். நான் சமையக்கட்டுலேருந்து அடுத்த வார்த்தையை எடுத்துக் குடுப்பேன். எனக்கு அது கேட்டுக் கேட்டே மனப்பாடம். அதுல சாவைப் பத்தி ஒரு சொல் கிடையாது, முழுக்கக் கடவுளைப் புகழறதுதான், எங்களை இப்படிக் கொண்டு வந்து விட்டவரையே. இருந்தாலும் பாடம்னா பாடம்தானே. அன்னைக்கு அந்த லாயத்து அறையில ஒம்பது ஆம்பளைங்க வந்துட்டாங்க. பத்தாவது ஆள் இல்ல. பொழுது சாயுது. நான் திரைக்குப் பின்னால டீத் தட்டோட நின்னுட்டிருக்கேன். யாரோ துறைமுகத்துக்கு ஓடி ஒரு கப்பல்லேருந்து இன்ஜின் ரூம் ஆளு ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தாங்க. நிக்க முடியாத போதை. ரெண்டு பேர் அக்குள்ல கையைக் குடுத்து நிறுத்தினாங்க. அவனுக்கு எந்தப் பக்கம் பாத்து நிக்கணும்னே தெரியல, ஆமென் சொல்ல வேண்டிய இடத்துல ஏப்பம் விட்டான். அவன் பத்தாவது. அவன் ஆளு. அண்ணன் நடுவுல தடுக்கினப்ப வழக்கம் போலத் திரைக்குப் பின்னாலேருந்து நான் வார்த்தையை எடுத்துக் குடுத்தேன், யாருக்கும் கேக்கலைங்கற மாதிரி எல்லாரும் நின்னாங்க. முடிஞ்சதும் "டீ எங்க?"ன்னு கேட்டாங்க. குடுத்தேன். அந்தக் குடிகாரனுக்கு மூணு சர்க்கரை. த்தூ. அதை எல்லாம் எழுதி வெச்சிருக்காங்களா இந்தப் பெட்டியில? 'பத்துப் பேர் முன்னிலையில் கடிஷ் சொல்லப்பட்டது.' அவ்வளவுதான் இருக்கும். அருமைநாயகம் அதை ஸ்கேன் பண்ணி ஒற்றுமைன்னு போட்டிருப்பான்.

சரி, கணக்குக்கு வா மொசெல். உணர்ச்சி வசப்படற நேரமா இது? இவன் சொல்ற பத்தை நான் ஒத்துக்கலேன்னா கடிஷ் இல்ல. பெட்டி என் மடியிலயே வீட்டுக்கு வந்துடும், மானம் மிச்சம், வழக்கம் மிச்சம், இந்த மடையனுக்கும் நாமம். அண்ணன் மட்டும் வாயில்லாம மண்ணுக்குள்ள கிடப்பார். ஒத்துக்கிட்டேன்னா கடிஷ் உண்டு, ஆனா அப்புறம் பத்து பத்துதான். கணக்குல ஒரு பக்கம் மட்டும் மாத்தி எழுத முடியாது. வகுப்புல எத்தனை பேரைக் கொட்டியிருக்கேன் இதுக்கு! பத்துன்னு ஒத்துக்கிட்டா பெட்டி அவனுது. ஜன்னலோரச் சண்டை, கோழிக் கூலி, அப்பா அம்மாவோட மெஷினை விட்டுட்டுத் தூக்கிட்டு வந்த எல்லாம் இந்தக் கூறுகெட்ட கூட்டத்துக் கையில போயிடும், இவங்க இஷ்டத்துக்குத் தலைப்பு வெப்பாங்க. அண்ணன் என்ன சொல்வார்? அண்ணனுக்கே பிடிக்காது, அதுதான் கொடுமை. வழக்கம்னா வழக்கம்னு ரெண்டு நாள் ரயில்ல போனவர். பொம்பளை சொன்ன கடிஷ் மேல போகாதுடின்னு சொல்வார். ஆனா அண்ணா, எடுத்துக் குடுத்தது யாரு? அப்பாவுக்குச் சொன்னியே, அதுல பாதி என் வாயிலேருந்து வந்ததுதானே? அது மட்டும் மேல போச்சா? பூவராகன் அஞ்சாவது பக்கத்தைத் திருப்பறார். இன்னும் கொச்சிக்கே வரல. தாடிக்காரர் சங்கீதப் புத்தகத்துல விரலை விட்டுத் தயாரா இருக்கார். பேனர் உச்சியில ஒரு கையகலம் வெயில்.

எழுந்துட்டேன். பெட்டியை நாற்காலியில வெச்சேன், முட்டி ரெண்டும் சடக்குன்னுச்சு, பொன்னாடை சரிஞ்சு கீழ விழுந்துடுச்சு, எடுக்கல. சிறப்பு விருந்தினர் பேசும்போது மேடையில எழுந்து நடக்கிறவளை இந்த ஊர் இதுக்கு முன்னால பாத்ததில்ல போல. பூவராகன் என்னவோ மாலை போட வர்றேன்னு நெனச்சுக் கழுத்தை நீட்டினார். "கொஞ்சம் தள்ளுங்க சார், எனக்கு நேரமில்ல"ன்னேன். மைக்குல விழுந்து ஹால் முழுக்கக் கேட்டுது. தள்ளினார். முன் வரிசையைப் பாத்துச் சொன்னேன், தமிழ்லயே சொன்னேன், புரிஞ்சா புரியட்டும்: "எங்கண்ணன் ஹஸ்கேல், எஸ்ராவோட மகன், அவருக்காகச் சொல்றேன். எழுந்து நில்லுங்க." அந்த யானை பேன்ட் பொண்ணுதான் முதல்ல எழுந்தா. தூங்கினவனை உலுக்கி எழுப்பினா. நீலச் சட்டைங்க நாலும் அந்தப் பொண்டாட்டியும் எழுந்தாங்க. ஆரம்பிச்சேன். குரல் கரகரன்னு வந்துது, பரவால்ல, வார்த்தை ஒண்ணுகூடத் தடுக்கல. முதல் ஆமென் வர்ற இடத்துல நிறுத்தினேன். ரெண்டு பொம்பளைங்க குரலும் கேட்டுது, நீலச் சட்டைங்க குரலும் கேட்டுது, மூணாவது வரிசை சர்ச் மாமிங்க வேற, எதுக்குன்னே தெரியாம, எங்க ஆமென் போட்டாலும் போடற பழக்கத்துல சேந்து போட்டாங்க. போடுங்கடி, இன்னைக்கு யார் போட்டாலும் வாங்கிக்கறேன். தாடிக்காரர் எழுந்துதான் நின்னார். அவர் வாய் அசைஞ்சுதான்னு நான் பாக்கல, பாக்கணும்னு தோணவும் இல்ல. கடைசி வரி வரைக்கும் சொன்னேன். அண்ணன் தடுக்கற இடம் வந்தப்ப மட்டும் நின்னுட்டேன். அங்க எடுத்துக் குடுக்க யாரும் இல்ல, நானே எனக்கு எடுத்துக் குடுத்துக்கிட்டேன். முடிச்சுட்டுத் திரும்பினா பேனர் முழுக்க நிழல். இருந்தாலும் ஆகாசத்துல வெளிச்சம் இருந்துது, சொல்லி முடிச்சப்ப இருந்துது.

கை தட்டறாங்க! தொகுத்து வழங்கற பொண்ணு ஓடி வந்து மைக்கைப் பிடிச்சு, "மனதை உருக்கும் ஒரு பாடல், அம்மாவுக்கு இன்னும் ஒரு முறை பலத்த கரவொலி"ங்கறா. தட்டுங்க, நல்லாத் தட்டுங்க, கழுதைங்களா. கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு. அவமானமா இருந்துது, அழுதாலும் கை தட்டுவாங்களே. நாற்காலிகிட்டப் போய்ப் பெட்டியை எடுத்து அருமைநாயகம் கையில வெச்சேன். கனம் தாங்காம முன்னால சாய்ஞ்சான். "மேடம், அது... பத்து ஆகலைன்னு சொன்னீங்களே?"ன்னான். "ஆச்சு. எடுத்துட்டுப் போ. மேல ரெண்டாவது கட்டு கரையான் அரிச்சது, விரல் படாம எடு. ஒற்றுமை கிற்றுமைன்னு எழுதினே, நடந்தே வந்து கிழிப்பேன்." அவன் பெட்டியை அணைச்சுக்கிட்டு நிக்கிறான், நகர மாட்டேங்கறான், பாக்கெட்லேருந்து மொபைலை எடுத்து நீட்டறான். எல்லாத்தையும் பிடிச்சு வெச்சிருக்கானாம், மையத்துல இதையும் பதிவுல ஏத்தணுமாம். "பிரார்த்தனை சொன்னவர்னு ஒரு கட்டம் இருக்கு மேடம். ஹஸ்கேல் சாரோட தங்கைன்னு போட்டுடட்டுமா?"

"எனக்குப் பேர் இல்லையா?"ன்னேன். "மொசெல்னு போடு."